கப்பலின் பின்னால் எழுதியிருக்கும் ஊர்

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில், ஆல்பர்ட் எம்பேங்க்மென்ட் 4ஆம் எண் கட்டடத்தில் கூடும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் உறுப்பு நாட்டுப் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

நான் தூத்துக்குடிக்காரன். இருபத்தெட்டு வருடம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வெந்து, சீஃப் எஞ்சினியராக ஓய்வு பெற்றவன். நீங்கள் போட்ட விதிகளைப் படித்துத்தான் பரீட்சை எழுதினேன். நீங்கள் சொன்னபடிதான் எண்ணெய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். என் பிழைப்பு முழுக்க உங்கள் காகிதங்களுக்குள் நடந்தது என்பதால், ஒருமுறையாவது உங்களுக்கு ஒரு காகிதம் எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கப்பல் புகைக்கு நீங்கள் எழுதும் விதிகளில், சின்னத் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்கள் விடுபட்டுப் போவதைப் பற்றித்தான் இந்தக் காகிதம்.

நான் வேலை பார்த்த கப்பல்களில் நான்கின் பின்புறத்தில், பெயருக்குக் கீழே, 'மஜூரோ' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. மஜூரோ மார்ஷல் தீவுகளின் தலைநகரம். கப்பலுக்குச் சொந்தக்காரர் கிரேக்கர், கட்டியது கொரியா, மாலுமிகள் பிலிப்பைன்ஸ்காரர்களும் நாங்களும், கொடி மட்டும் மார்ஷல் தீவுகளுடையது. டன் கணக்கில் பார்த்தால், உலகத்தில் அதிகக் கப்பல்களைப் பதிந்து வைத்திருக்கும் முதல் மூன்று கொடிகளில் அதுவும் ஒன்று. அந்தப் பதிவேட்டை நடத்தும் அலுவலகம்கூட மஜூரோவில் இல்லை. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? எனக்குத்தான் பல வருடம் தெரியாமல் இருந்தது. என் கப்பல் எந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு போகிறது என்று நான் வரைபடத்தில்கூடத் தேடிப் பார்த்ததில்லை.

கடைசியில் ஒருமுறை அந்த ஊருக்கே போனேன். சூரை மீன் ஏற்றும் குளிர்சாதனக் கப்பல். மஜூரோவின் காயல், மீன்பிடிக் கப்பல்கள் தங்கள் சூரையைப் பெரிய கப்பல்களுக்கு மாற்றும் இடம். உலகத்திலேயே இந்த வேலை அதிகமாக நடக்கும் துறைமுகங்களில் ஒன்று. பத்தொன்பது நாள் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். தீவு என்று சொன்னால் நம் மனதில் ஒரு குன்று வரும், மரம் வரும். அங்கே அப்படி இல்லை. பவளப்பாறை ஒரு மாலை மாதிரி கடலில் கிடக்கிறது. அந்த மாலையின் மேல் ஒரு தெரு அகலத்துக்கு மண், ஒருபக்கம் காயல், மறுபக்கம் பசிபிக். எங்கள் கப்பலின் மேல்தளத்தில் நின்றால் ஊர் முழுவதும் எங்களுக்குக் கீழே இருந்தது.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, ஒரு சிறு படகில் ஒருவர் வந்து ஏணி கேட்டார். வெளித்தீவுகளுக்கு ஓடும் ஒரு கப்பலின் எஞ்சினியர். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் துணியில் சுற்றிய ஒரு இன்ஜெக்டர், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் பாகம். அதன் நுனியில் இருக்கும் நாசில் இதே மாதிரி உங்கள் ஸ்டோரில் இருக்குமா என்று கேட்டார். எங்களிடம் இருந்தது வேறு அளவு. மூன்று பெட்டி பிரித்துப் பார்த்தோம், பொருந்தவில்லை. புது நாசில் ஜப்பானிலிருந்து வரவேண்டும். அது வரும்வரை கப்பல் துறையில்தான் கட்டிக் கிடக்கும். டீ குடித்துக்கொண்டே சொன்னார்: வெளித்தீவில் கொப்பரை மூட்டைகள் கொட்டகையில் அடுக்கியிருக்கிறது, கப்பல் போனால்தான் ஏற்றலாம், ஏற்றினால்தான் அந்தக் குடும்பங்களுக்குக் காசு, காசு வந்தால்தான் அதே கப்பலில் வந்திருக்கும் அரிசியும் மாவும் வாங்கலாம். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

29 பவளத் தீவு வளையங்கள், 5 தனித் தீவுகள். எல்லா நிலத்தையும் கூட்டினால் 181 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் சுமார் 42,000 பேர். அந்த நிலம் சிதறிக் கிடக்கும் கடலோ ஏறக்குறைய இருபது லட்சம் சதுர கிலோமீட்டர். இப்படிப்பட்ட நாட்டில் கப்பல்தான் சாலை, கப்பல்தான் பஸ், பல சமயம் கப்பல்தான் ஆம்புலன்ஸ். அந்தச் சாலை ஒரு நாசிலுக்காக மூடிக் கிடந்தது. எங்கள் பின்னால் 'மஜூரோ' என்று எழுதியிருந்தது.

அன்று சாயங்காலம்தான் அந்தப் படகைப் பார்த்தேன். ஒற்றை உடல், பக்கவாட்டில் ஒரு மிதவைக் கட்டை, முக்கோணப் பாய். எங்கள் கப்பலின் முன்முனைக்கு எதிரே சத்தமே இல்லாமல் குறுக்கே போனது. எஞ்சினியர் காதுக்குச் சத்தம் இல்லாமல் ஒன்று ஓடுவது விசித்திரம்தான். திசை மாற்றும்போது அதைத் திருப்பவில்லை. பாயின் அடி நுனியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் படகின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். சுக்கான் துடுப்பும் இடம் மாறியது. முன்னால் இருந்தது பின்னால் ஆயிற்று, பின்னால் இருந்தது முன்னால் ஆயிற்று, படகு வந்த வழியே கோணம் மாற்றி ஓடியது. மிதவைக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. படகின் உடலைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை: காற்று வரும் பக்கம் வயிறு தள்ளியும், மறுபக்கம் தட்டையாகவும் செதுக்கியிருக்கிறார்கள். மிதவை ஒரு பக்கம் இழுக்கும், காற்று பக்கவாட்டில் தள்ளும். இரண்டையும் உடலின் வடிவமே ஈடுகட்டுகிறது. காகிதம் இல்லாமல், கால்குலேட்டர் இல்லாமல் இதைச் செய்தவர்கள் என் துறைக்காரர்கள். அன்றைக்கு அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

என் தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக இருந்தவர். எங்கள் ஊர்த் தோணிகள் எஞ்சின் வருமுன் பாயில்தான் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோயின. எனக்கு அந்தப் பாய் ஓட்டத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. இரண்டே தலைமுறையில் கை விட்டுப் போய்விட்டது. அதனால்தான் அந்தக் காயலில் அந்தப் படகைப் பார்த்தபோது நான் ரசித்துக்கொண்டு நிற்கவில்லை, கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

(இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இடையில் ஒரு சின்ன வழக்கு. பசிபிக்காரர்களின் இரட்டை உடல் படகுக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர் கேட்டமரன். அது எங்கள் கட்டுமரம். நாங்கள் கட்டுவது கட்டைகளைச் சேர்த்து, உடல் என்றே ஒன்று இல்லாதது. எங்கள் பெயரை எடுத்து, அவர்கள் படகுக்கு ஒட்டி, இரண்டையும் நீங்கள் சொகுசுப் படகு விற்கப் பயன்படுத்துகிறீர்கள்.)

படகு பாதிதான். அதை எங்கே ஓட்டுவது என்ற அறிவு மறுபாதி. மார்ஷல் தீவுக்காரர்கள் தென்னை ஈர்க்குகளையும் சிறு சிப்பிகளையும் கட்டி வரைபடம் செய்தார்கள் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் குச்சி காட்டுவது பெருங்கடல் அலை தீவில் மோதி எப்படி வளைகிறது, எதிரலை எங்கே வந்து சேர்கிறது என்பதை. அதைக் கடலுக்கு எடுத்துப் போவதில்லை; கரையிலேயே மனப்பாடம் செய்துவிட்டு, கடலில் படகின் ஆட்டத்தை உடம்பால் படிப்பார்கள். இப்படித் தேர்ந்தவரை 'ரி-மெத்தோ' என்கிறார்கள், கடல் மனிதர் என்று பொருள்.

அந்தப் படிப்பின் பள்ளிக்கூடமாக இருந்த இடங்களில் முக்கியமானது ரோங்கலாப் தீவு. அது என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். 1946 முதல் 1958 வரை அமெரிக்கா மார்ஷல் தீவுகளில் 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் வெடித்த 'பிராவோ' குண்டு 15 மெகாடன். அதன் சாம்பல் ரோங்கலாப் மேல் பனி மாதிரி விழுந்தது. ஜனங்களைக் கூட்டிப் போனார்கள், 1957இல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள், 1985இல் அவர்களே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பயிற்சி பாதியில் நின்ற தலைமுறை அது. பாய்க்கப்பல் மறைந்தது டீசல் வந்ததால், வசதி வந்ததால் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எல்லா இடத்திலும் அது அப்படித் தானாக நடக்கவில்லை. தீவுகளுக்கு இடையில் நெடும்பயணம் போகக் கூடாது என்று காலனி அரசுகள் தடுத்த இடங்களும் பசிபிக்கில் உண்டு. பள்ளிக்கூடத்தின் மேலேயே குண்டின் சாம்பல் விழுந்த இடமும் உண்டு.

கேப்டன் கோரென்ட் ஜோயெல் அந்தப் பாதிப் படிப்புக்காரர்களில் ஒருவர். நவீன இரும்புக் கப்பலின் கேப்டன். சிறு வயதில் கேட்டது, பெரியவர்களிடம் மிச்சம் இருந்தது எல்லாவற்றையும் சேர்த்து, ஆய்வாளர்களுடன் உட்கார்ந்து எழுதி, 2006இல் கருவி இல்லாமல் வழி கண்டு காட்டி, ரி-மெத்தோ பட்டம் பெற்றார். அவருடைய உறவினர் ஆல்சன் கெலென் 2015இல் ஒரு பாய்ப்படகை மஜூரோவிலிருந்து அவுர் தீவுக்கும் திரும்பவும் ஓட்டினார். பின்னால் ஒரு படகில் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர், டச்சு அலை நிபுணர், மானுடவியலாளர் ஒருவர் என மூன்று பேர் கருவிகளோடு போனார்கள். தீவுக்கும் தீவுக்கும் நடுவே முதுகெலும்பு போல ஒரு அலைத்தடம் ஓடுகிறது, அதைப் பிடித்துப் போனால் போதும் என்று கடலோடிகள் சொல்கிறார்கள். அதைக் கருவியில் பிடிக்க முடியவில்லை. படகு போய்ச் சேர்ந்துவிட்டது.

இதைச் சொல்லி உங்களைப் புல்லரிக்க வைப்பது என் நோக்கம் இல்லை. உண்மையில் எனக்கு அந்தப் புல்லரிப்பின் மேல்தான் சந்தேகம். ஃபிஜியில் 1913இல் கட்டிய 'ராத்து ஃபினாவ்' என்ற இரட்டைப் படகு சுவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழகான படகு, ஓடாத படகு. மாநாடு நடக்கும்போது பாரம்பரியப் படகைக் கரையில் நிறுத்தி, மாலை போட்டு, போட்டோ எடுத்து, உள்ளே போய் டீசல் கப்பலுக்குக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2015இல் மார்ஷல் தீவுகளின் வெளியுறவு அமைச்சர் டோனி டி பிரம் உங்கள் கட்டடத்துக்கு வந்தார். ஒன்பது வயதில் தாத்தாவோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது பிராவோ வெடிப்பைக் கண்ணால் பார்த்த மனிதர். கப்பல் துறை தன் கரியமில வாயுவுக்கு ஒரு இலக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். தன் நாட்டுக்குக் காசு கொண்டுவரும் கொடிப் பதிவு இந்தத் துறையை நம்பித்தான் இருக்கிறது என்பது தெரிந்தே கேட்டார். அன்று நீங்கள் கொடுக்கவில்லை. 2018இல் 2050க்குள் பாதி என்றீர்கள். 2021இல் மார்ஷல் தீவுகளும் சாலமன் தீவுகளும் சேர்ந்து, கப்பல் புகையில் ஒரு டன்னுக்கு 100 டாலர் தீர்வை என்று எழுதிக் கொடுத்தன. 2023 ஜூலையில் 2050ஐ ஒட்டி நிகரப் பூஜ்யம் என்று இலக்கை உயர்த்தினீர்கள். டி பிரம் அதைப் பார்க்கவில்லை, 2017லேயே போய்விட்டார்.

2025 ஏப்ரலில், அந்த இலக்கை அடையக் கப்பல் புகைக்கு வரம்பும் கட்டணமும் வைக்கும் விதித் தொகுப்பு, நீங்கள் சட்டகம் என்று சொல்வது, ஒருவழியாக வரைவாக வந்தது. 63 நாடுகள் ஆம், 16 நாடுகள் இல்லை. என் நாடும் ஆம் என்றது. எந்தத் தீவுகள் பத்து வருடம் தொண்டை வறளக் கேட்டனவோ, அந்தப் பசிபிக் தீவுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. கேட்டது எல்லா டன்னுக்கும் தீர்வை. கிடைத்தது வரம்பைத் தாண்டிய பங்குக்கு மட்டும் கட்டணம். அக்டோபரில் அதையும் ஏற்கக் கூடினீர்கள். 17ஆம் தேதி 57க்கு 49 என்று வாக்களித்து ஒரு வருடம் தள்ளி வைத்தீர்கள். யார் மிரட்டினார்கள், யார் பணிந்தார்கள் என்பதை எல்லாப் பத்திரிகையும் எழுதிவிட்டது, நான் திரும்ப எழுதவில்லை.

எனக்கு உறுத்துவது அதைவிடச் சின்ன விஷயம். ஒரு எண். 5,000.

உங்கள் சட்டகம் 5,000 மொத்த டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு. காரணம் புரிகிறது, சர்வதேசக் கப்பல்களின் கரியமில வாயுவில் 85 சதவீதம் அவற்றிலிருந்துதான் வருகிறது. சின்னக் கப்பலை எல்லாம் துரத்திக்கொண்டிருக்க முடியாது. ஒரு எஞ்சினியராக நானும் அதே இடத்தில்தான் கோடு போட்டிருப்பேன். ஆனால் என்னிடம் நாசில் கேட்டு வந்தவரின் கப்பல் சில நூறு டன். அதுவும் உள்நாட்டுக் கப்பல். உங்கள் கணக்கில் அது இல்லவே இல்லை. தண்டம் இல்லை என்பது நல்லதுதானே என்பீர்கள். தண்டம் இல்லை, உண்மை. ஆனால் செலவு வரும். மஜூரோவுக்கு அரிசி கொண்டுவருவது உங்கள் கணக்கில் உள்ள பெரிய கப்பல். அதன் எரிபொருள் விலை ஏறினால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் மூட்டை விலை ஏறும். அந்த மூட்டை அங்கிருந்து பழைய டீசல் கப்பலில் ஏறி அய்லுக் என்ற வெளித்தீவுக்குப் போகும்போது விலை இன்னும் ஏறும். பெரிய கப்பல் முதலாளிக்குப் புதுத் தொழில்நுட்பம் வாங்க ஊக்கத்தொகை இருக்கிறது. கடைசி இருநூறு மைல் ஓடும் கப்பலுக்கு என்ன இருக்கிறது?

நிதியைப் பற்றிய பகுதியில், சிறு தீவு நாடுகளின் மேல் விழும் பாதிப்பைத் தணிக்கவும் பணம் போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு என்று எழுதவில்லை. 'எவ்வளவு' எழுதாத ஒதுக்கீடு எங்கே போய் நிற்கும் என்பது பட்ஜெட் போட்ட எல்லாருக்கும் தெரியும்.

பணம் கொடுத்தால் எதில் போடுவார்கள் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது. மஜூரோவில் 'வான் ஏலோங் இன் மாஜெல்' என்ற அமைப்பு இருக்கிறது. மார்ஷல் தீவுகளின் படகுகள் என்று பொருள். 1989இல் படகு வடிவங்களை ஆவணப்படுத்தும் வேலையாக ஆரம்பித்தது. இப்போது படிப்பை விட்ட, வேலை இல்லாத இளைஞர்களுக்குத் தச்சு, கண்ணாடியிழை வேலை, படகு கட்டுதல் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறது. நான் மேலே சொன்ன கெலென்தான் அதை வளர்த்தவர். ஈரப்பலா மரத்தைக் குடைகிறார்கள், தென்னங்கயிற்றால் கட்டுகிறார்கள். பாய் ஒரு காலத்தில் தாழை ஓலையில் நெய்தது. இப்போது தார்ப்பாய்த் துணியிலும் தைக்கிறார்கள். பழமைவாதம் ஒன்றும் இல்லை. அய்லுக் போன்ற தீவில் இப்போதும் மீன் பிடிக்கவும் காயலுக்குள் போய்வரவும் பாய்ப்படகுதான் அன்றாட வண்டி. பெட்ரோல் தீர்ந்தாலும் அது நிற்காது.

இது சின்னப் படகு. சிமெண்டும் ஜெனரேட்டரும் பிரசவ வலி எடுத்த பெண்ணும் அதில் இருநூறு மைல் போக முடியாது. அப்படிப் போகலாம் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. அதற்கு வேறு கப்பல் வேண்டும். அதையும் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் உதவியோடு, எம்டன்-லேர் பல்கலைக்கழகத்தின் கப்பல் துறைக்காரர்களும் மார்ஷல் தீவுக்காரர்களும் சேர்ந்து திட்டம் போட்டு, கொரியாவில் கட்டிய 'ஜுரென் ஏ' என்ற பாய்ச் சரக்குக் கப்பல் 2024இல் மஜூரோவுக்கு வந்தது. 48 மீட்டர். சரக்கு அறை, பயணிகள், பாய், துணைக்கு எஞ்சின். எண்பது சதவீதம் வரை புகை குறையும் என்று அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இருபத்தெட்டு வருடப் பழக்கம், சோதனை ஓட்டத்துக் கணக்கைப் பாதியாக்கித்தான் நம்புவேன். பாதியே நடக்கட்டும். நாற்பது சதவீத டீசல் மிச்சம் என்றால், வெளித்தீவுக் கப்பலின் வரவுசெலவில் அது உயிர்.

ஆனால் அது ஒரு கப்பல். ஒரே ஒரு கப்பல், அதற்கும் பின்னால் ஒரு நன்கொடை. இங்கேதான் எனக்குப் பயம் வருகிறது, ஏனென்றால் இது முன்பே நடந்திருக்கிறது. 1970களில் எண்ணெய் விலை எகிறிய பிறகு, 80களில் ஃபிஜியில் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு உள்நாட்டுக் கப்பல்களில் துணைப் பாய் பொருத்திப் பார்த்தார்கள். 'நா மத்தாய்சாவ்' என்ற அரசுக் கப்பல் அதில் ஒன்று. எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமானது. மாலுமிகளுக்குப் பிடித்தது, பாய் விரித்தால் கப்பல் உருளுவது குறையும், அது ஓட்டியவனுக்குத்தான் தெரியும். எல்லாம் சரியாக நடந்தது. அப்புறம் 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. திட்டமும் சரிந்தது. அறிக்கைகள் அலமாரிக்குப் போயின. அந்தக் கப்பல்களில் கற்றுக்கொண்ட மாலுமிகள் டீசலுக்குத் திரும்பினார்கள். நாற்பது வருடம் கழித்து அதே பாடத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த நாற்பது வருடம் தீவுகள் எதில் ஓடின என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வேறு நாடுகள் ஓட்டி முடித்த கப்பல்களில். 'பிரின்சஸ் ஆஷிகா' ஜப்பானில் 1972இல் கட்டியது, ஃபிஜியில் ஓடியது, பிறகு டோங்காவுக்கு வந்தது. 2009 ஆகஸ்ட் 5 இரவு மூழ்கியது. 74 பேர். துருப்பிடித்த கப்பல் அது, டோங்காவில் ஓடத் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 2018 ஜனவரியில் கிரிபாட்டியில் 'புட்டிராய்' என்ற படகு நொனவுட்டியிலிருந்து கிளம்பிக் காணாமல் போனது. 95 பேர் இறந்தார்கள், ஏழு பேர் மட்டும் ஒரு சிறு படகில் மிதந்து கிடைத்தார்கள். இறந்தவர்களில் பள்ளிக்கூடம் திரும்பிய பிள்ளைகளும் இருந்தார்கள். பாய்ப்படகு ஆபத்து, டீசல் கப்பல் பாதுகாப்பு என்று யாராவது கூட்டத்தில் பேசினால், இந்த இரண்டு பெயரையும் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பேசச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம், காற்றைப் பணக்கார நாடுகள் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கின்றன. 2023இல் 'பிக்சிஸ் ஓஷன்' என்ற மொத்தச் சரக்குக் கப்பல் சிறகு மாதிரி விறைப்பான பாய்களோடு கிளம்பியபோது தொலைக்காட்சி முழுவதும் அதுதான். ஐரோப்பாவின் ராக்கெட் பாகங்களை பிரெஞ்சு கயானாவுக்குக் கொண்டுபோக 'கனோப்பே' என்ற பாய்க் கப்பல் ஓடுகிறது. நல்ல விஷயம், எனக்குச் சந்தோஷம். ராக்கெட்டுக்குப் பாய் வைத்தால் புதுமை, அரிசி மூட்டைக்குப் பாய் வைத்தால் பின்தங்கிய நிலை என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

நான் கேட்பது இவைதான். தள்ளிவைத்த சட்டகத்தை எடுக்கும்போது, சிறு தீவுகளுக்கான பங்கை ஒரு எண்ணாக எழுதுங்கள். எத்தனை சதவீதம் என்பதை அவர்களே சொல்வார்கள், சொல்லத் தெரிந்தவர்கள். அந்தப் பங்கு 5,000 டன்னுக்குக் கீழ் உள்ள உள்நாட்டுக் கப்பல்களுக்கும் போகலாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்கள் விதிக்குப் பொருள் சொல்லும் வக்கீல்கள் 'எங்கள் கப்பல்கள் அல்ல' என்று கதவைச் சாத்திவிடுவார்கள். கடனாக இல்லாமல் மானியமாகக் கொடுங்கள். ஒரு கப்பலாகக் கொடுக்காமல் பத்துப் பதினைந்து வருடத்துக்குக் கொடுங்கள், எண்ணெய் விலை சரிந்தாலும் நிற்காதபடி. 2019இல் ஃபிஜியும் மார்ஷல் தீவுகளும் சேர்ந்து ஒரு கூட்டுத் திட்டம் அறிவித்தன. 2030க்குள் உள்நாட்டுக் கப்பல் புகையில் 40 சதவீதம் குறைப்பு, 2050க்குள் முழுவதும். அதற்குப் பல பசிபிக் அரசுகள் பிறகு கைகோத்தன. புதிதாக ஒரு ஆணையம் அமைத்து, புதிதாக ஆலோசகர்களை விமானத்தில் அனுப்ப வேண்டாம். இருக்கும் திட்டத்தில் காசு போட்டால் போதும்.

அப்புறம், உங்கள் கையிலேயே முழுக்க இருக்கும் ஒன்று. மாலுமிகளின் பயிற்சியையும் சான்றிதழையும் தீர்மானிக்கும் 1978 உடன்படிக்கை உங்களுடையது. நான் சீஃப் எஞ்சினியர் ஆனது அதன்படிதான். அதில் எனக்குப் பாய் பற்றி ஒரு மணிநேரப் பாடம்கூட இல்லை. 'ஜுரென் ஏ' மாதிரிக் கப்பலை ஓட்ட, அலை படிக்கத் தெரிந்தவர், பாய் தைக்கத் தெரிந்தவர் வேண்டும். அவர்கள் அந்தத் தீவுகளிலேயே இருக்கிறார்கள், ஆனால் கையில் காகிதம் இல்லை. காகிதம் இருப்பவர்களுக்குப் பாய் தெரியாது, என்னைப் போல. படகுப் பள்ளியில் படித்த பையன் கப்பலை நடத்தும் மேல்தட்டு அறைக்குப் போக ஒரு ஏணி போடுங்கள். கோரென்ட் ஜோயெல் ஒரே ஆளாக இரண்டையும் கையில் வைத்திருந்தார். அவர் 2017இல் இறந்துவிட்டார்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள், இதற்கு வாக்கெடுப்பு வேண்டாம். அடுத்த கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் மார்ஷல் தீவுகளின் பிரதிநிதியைத் தேடிப் போய்க் கேளுங்கள்: வெளித்தீவுகளுக்குக் கடைசியாகக் கப்பல் போய் எத்தனை நாள் ஆயிற்று? அந்தக் கப்பலில் இப்போது என்ன பழுது? பதிலைக் கேட்டுவிட்டு உள்ளே போய் உட்காருங்கள்.

அந்த இன்ஜெக்டர் நாசிலின் அளவை நான் குறித்து வைத்திருந்தேன். சிங்கப்பூர் போனதும் கடைகளில் கேட்டேன், கிடைத்தது, மஜூரோ போகும் இன்னொரு கப்பலில் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கப்பல் எஞ்சினியர்,
தூத்துக்குடி